கடக்வாஸ்லாவுக்கு வழி ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது

முப்படைகளுக்கும் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ளது. அதற்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தவே 1961 முதல் சைனிக் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமிக்கான ஆயத்தப் பள்ளி, பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி தருகிறது. இந்தியாவில் ஆயத்தம் ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் முதல் சைனிக் பள்ளி 1962இல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் அமைந்தது. தேனியிலிருந்து வத்தலக்குண்டு, பழனி வழியாக அங்கு செல்லலாம். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், ஆங்கிலவழி. 67 சதவீத இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு உரியவை. சைனிக் பள்ளிகள் அனைத்திலும் 2021-22 முதல் மாணவிகளும் சேர்க்கப்படுகிறார்கள்.

சேர்க்கை 6, 9 ஆகிய வகுப்புகளில் மட்டுமே. சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயதும், ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வயதும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வின் 300 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு மட்டும் 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றுக்குத் தலா 50.

இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. எட்டாம் வகுப்பில் சேர்க்கும் டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியின் தேர்வும், என்.டி.ஏ. தேர்வும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான். ஆகவே சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ தமிழ்வழியில் படிக்கும் குழந்தை தன் மொழியில் எழுதக்கூடியது ஆறாம் வகுப்புத் தேர்வு ஒன்றே. அதற்கு ஐந்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால், ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற ஏழு ஆண்டுகள் கைவசம் இருக்கும்.

சைனிக் பள்ளியில் படித்தவருக்கும் என்.டி.ஏ.வில் நேரடி இடம் கிடையாது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண். அதில் தேறியவர்களுக்குப் படைப்பணித் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்முகத் தேர்வு 900 மதிப்பெண்ணுக்கு நடக்கும். ஆளுமை, குழுவாகச் செயல்படும் திறன், முடிவெடுக்கும் தெளிவு ஆகியவை பல நாட்கள் சோதிக்கப்படும். அன்றாட உடற்பயிற்சியும் விளையாட்டும் விடுதி ஒழுங்கும் பெரிதும் கைகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

கடற்படை, விமானப்படைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் தேவை. தரைப்படைக்கு எந்தப் பிரிவும் போதும். ஆனால் கணிதத் தாளை எல்லோரும் எழுத வேண்டும். வயது வரம்பு பதினாறரை முதல் பத்தொன்பதரை. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கம்பத்திலோ போடியிலோ சாதாரணப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் மாணவரும் மாணவியும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.