உரிமம் விலைக்குக் கிடைக்காது

"வாத்தியாரையா, லண்டனில் மகளுக்குத் தாதி வேலை தயாராம். ஏஜெண்டுக்குக் கட்டத் தாலிக்கொடியை அடகு வைக்கட்டுமா?" என்று பழைய மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் கேட்டார். பால்மரம் வெட்டி மகளைத் தாதியாக்கியவர் அவர்.

"வைக்காதீர்கள், அம்மா" என்றேன். காரணத்தைத் தோட்டத்துப் பெற்றோர் யாவரும் அறிய வேண்டும்.

வேலைக் கடிதம் வேறு, உரிமம் வேறு. பிரிட்டனில் உரிமம் தருவது அந்நாட்டுத் தாதியர், மகப்பேற்றுத் தாதியர் மன்றம். அதை எந்த ஏஜெண்டும் வாங்கித் தர முடியாது. வேலை தேடித் தருவதற்காகத் தாதியிடம் ஏஜெண்டு பணம் கேட்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் நெறிமுறை.

மகள் ஏற வேண்டிய படிகள் மூன்று. முதலாவது ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வானால் மொத்தத்தில் 7, வாசித்தல், கேட்டல், பேசுதலில் தலா 7, எழுதுவதில் 6.5. இரண்டாவது, கணினித் தேர்வு. இதைப் புறப்படுமுன்பே எழுதிவிடலாம். மூன்றாவது, பிரிட்டனில் செய்முறைத் தேர்வு. நோயாளியை விசாரிப்பது முதல் மருந்து கொடுப்பது வரை தேர்வாளர் முன் செய்து காட்ட வேண்டும். இதில் தேறிய பின்னரே பதிவு.

மலேசியத் தாதியர் வாரியமும் அவளது பதிவை அந்த மன்றத்துக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே, சான்றிதழ்களிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகவில்லை. ஓய்வு நாள் மாலைகளில் அந்தப் பெண் எங்கள் பள்ளி மேசையில் அமர்ந்து ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகுகிறாள். அந்த 6.5 தான் இன்னும் பாக்கி.