பனிக்காலமும் சங்கத்து லாரியும்

மார்கழி மாதத்து விடியற்காலம். நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் புல் நுனியெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கின்றது. காரட் கழுவும் இடத்தில் நள்ளிரவு முதலே வேலை நடந்து, மூட்டைகள் கட்டி ஏற்றப்பட்டுவிட்டன. பொழுது நன்றாகப் புலர்வதற்குள் அவை மேட்டுப்பாளையம் மண்டியை அடைந்தாக வேண்டும். ஏலத்திற்கு முந்திய சரக்குக்கு ஒரு விலை, பிந்திய சரக்குக்கு வேறொரு விலை என்பதை விவசாயிகள் அனைவரும் அறிவர். ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். லாரி முனகுகிறது, வெண்புகை கக்குகிறது, ஆனால் கிளம்ப மறுக்கிறது.

சென்ற பனிக்காலத்தில் எங்கள் சங்கத்தில் அடிக்கடி நிகழ்ந்த காட்சி இது. லாரி பிந்திய நாட்களில் நஷ்டம் லாரிக்கு அல்ல; அதில் மூட்டை ஏற்றிய அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஆயிற்று. நிர்வாகக் குழு கூடியது. டீசல் பம்பையும் நாசில்களையும் கழற்றி முற்றிலும் புதுப்பிக்க வேண்டும் என்று சமவெளியில் ஒரு பட்டறையில் கூறியிருந்தனர். செலவு பல ஆயிரம் ரூபாய். தீர்மானமும் எழுதப்பட்டுவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவ்வேளையில், இளமையில் பல ஆண்டுகள் மலைப்பாதையில் லாரி ஓட்டிப் பின்னர் விவசாயத்துக்குத் திரும்பிய முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். ஓட்டுநரைப் பார்த்து, “தம்பி, சாவி திருப்பும்போது வரும் புகை என்ன நிறம்?” என்று வினவினார்.

“வெள்ளைதான், ஐயா.”

“மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு நிறுத்தி வைத்தால், காலையில் எப்படி?”

“அங்கே முதல் திருப்பிலேயே கிளம்பிவிடும், ஐயா.”

“அப்படியானால் பம்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு பல இருக்கின்றன” என்றார் பெரியவர். தீர்மானம் ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, லாரி வைத்திருக்கும் பிற சங்கத்தாருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

டீசல் எஞ்சின் தீப்பற்றும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி இல்லை. ஜெர்மானியப் பொறியாளரான ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய தத்துவம் எளியது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை நாம் அனைவரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அதுபோலவே, சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கப்படும்போது, அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஏறுகிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் டீசல் மென்தூறலாகப் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே, டீசல் எஞ்சினுக்கு வெப்பமே தீக்குச்சி. குளிர்காலத்தில் அந்தத் தீக்குச்சி பல வழிகளில் நமத்துப் போகிறது. உள்ளே வரும் காற்றே குளிர்ந்தது. சிலிண்டரின் சுவர்களும் குளிர்ந்தவை. நெருக்கத்தினால் பிறக்கும் வெப்பத்தை அச்சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. ஆயில் இறுகிக் கெட்டியாகி எஞ்சினைச் சுழலவிடாமல் இழுக்கிறது. எஞ்சினுக்கு அதிக பலம் வேண்டிய அந்த நேரத்தில் பாட்டரியோ தளர்ந்து போகிறது. உறைநிலைக் குளிரில் அது தன் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் நெருக்கப்பட்ட காற்று கசிவதற்கும் ஆறுவதற்கும் அவகாசம் கிடைக்கிறது. உதகமண்டலம் போல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊர்களில் இன்னொரு குறையும் சேர்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் புகும் காற்றின் அளவே குறைந்துவிடுகிறது.

இவ்வளவு இருந்தும், எல்லாப் பாகங்களும் நலமாக உள்ள லாரி மலைக் குளிரிலும் கிளம்பத்தான் செய்கிறது. குளிர் புதிய நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் தளர்ச்சியை வெளியே காட்டிக் கொடுக்கிறது. அத்தளர்ச்சி எங்கே என்று முறையாகத் தேடுவதே நம் வேலை.

தேடும் வரிசை

நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஓர் இழை அறுந்ததற்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறியும் நெசவாளர் எவரும் இலர். அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிட்டுத் தறியை ஓட்டுவர். லாரிக்கும் அதுவே நெறி. செலவில்லாததை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுழலும் வேகம். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் விறுவிறுப்பாகச் சுழல்கிறதா, இழுத்து இழுத்துச் சுழல்கிறதா என்று காதால் கேட்டாலே தெரியும். இழுத்தால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். முழுதும் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.5-க்கும் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். பெரிய லாரிகளில் இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுவர். அங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது நலம். பாட்டரி நன்றாயிருந்தும் சுழற்சி மந்தமானால் கம்பிகளில் குறை இருக்கக்கூடும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முளையிலும், மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியிலோ அதன் இணைப்பிலோ துருவேறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, புகை. பெரியவர் முதலில் அதைக் கேட்டதன் காரணம் இதுதான். செல்ஃப் அடிக்கையில் புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை அடையவில்லை. வெண்புகை வந்தால் டீசல் வந்து சேர்கிறது, ஆனால் பற்றவில்லை. அதாவது வெப்பம் போதவில்லை. கரும்புகை டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாமையைக் குறிக்கும். காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். நீலப்புகை சிலிண்டருக்குள் ஆயில் எரிவதன் அறிகுறி. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

மூன்றாவது, வெண்புகை வரும் லாரிக்கு உரிய சோதனை. சிறிய லாரிகளின் எஞ்சின்களில் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியை முதல் நிலையில் வைத்ததும் அது பழுக்கக் காய்ந்து, குளிர்ந்த காற்றுக்குத் துணை செய்யும். பெரிய எஞ்சின்கள் பலவற்றில் இதற்குப் பதிலாகக் காற்று நுழையும் வழியிலேயே ஹீட்டர் வைத்திருப்பர். நான்கு பிளக்குகளில் இரண்டு இறந்துவிட்டாலும் சமவெளியில் எவருக்கும் தெரியாது, மலைமேல்தான் தெரியும். சோதிப்பது எளிது. சாவியை அணைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிடிவ் முளையில் இணைத்து, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பிளக்கின் கம்பி அறுபடாமல் இருக்கிறது, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. எல்லாம் நன்றாயிருந்தால் அவற்றுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலேயையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, புகையே வராத லாரிக்கு உரியது. டாங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர்க் குழாயில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், டீசல் சொட்டாமலே காற்று உள்ளே இழுக்கப்படும். இரவெல்லாம் டீசல் டாங்குக்கே இறங்கிவிட, காலையில் குழாய் வெறுமையாயிருக்கும். கைப்பம்பை இருபது முப்பது முறை அழுத்தியபின் லாரி கிளம்புமானால், குறை பெரும்பாலும் இவ்வழியில்தான் இருக்கிறது. டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். எரிபொருளை நிறுத்தித் திறக்கும் சாலினாய்டு சாவியைத் திருப்பும்போது ‘டக்’கென்று ஒலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மேலும், டீசலில் மெழுகுத்தன்மை உண்டு. மிகுந்த குளிரில் அது துகளாகத் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். வெப்பமான ஊரில் நிரப்பிய டீசலோடு மலையேறி, உறைபனி இரவில் திறந்தவெளியில் நிற்கும் லாரிக்கு இத்தொல்லை நேரக்கூடும்.

ஐந்தாவதாகத்தான் எஞ்சினின் உட்பகுதிக்கு வர வேண்டும். வால்வு இடைவெளி தவறியிருந்தாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தாலோ நெருக்கம் குறையும். இதற்கு அளவுமானி வைத்துச் சோதிக்கும் மெக்கானிக் வேண்டும். பம்பின் முறை அதற்கும் பின்னரே. தேய்ந்த பம்பு பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் அடம் பிடிக்கும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடுக்குகளின் வழியே கசிந்துவிடும். எங்கள் லாரியோ சூட்டில் சமர்த்தாக இருந்தது. பெரியவர் பம்பின் மேல் பழிபோட மறுத்தது இதனால்தான்.

செய்யத் தகாதவை

அவசரத்தில் சிலர் கையாளும் குறுக்கு வழிகள் லாரியையும் ஆளையும் அழிக்க வல்லவை.

இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்புவது மலைநாட்டின் பழைய வழக்கம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தமோ துணைவிசையோ கிடைக்காது, ஸ்டீயரிங்கும் கனக்கும். பாரம் ஏற்றிய லாரியை அந்நிலையில் கொண்டை ஊசி வளைவை நோக்கி உருளவிடுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் தெளிப்பது, காய்ந்த பிளக்கின் மேல் வெடிமருந்தை வீசுவதற்கு ஒப்பாகும், பிஸ்டனே உடையலாம். டாங்கின் அடியிலும் ஆயில் சட்டியின் அடியிலும் துணி கொளுத்திச் சூடேற்றுவது தீவிபத்துக்கு அழைப்பு. மண்ணெண்ணெய் கலப்பது சட்டத்துக்கும் மாறு, பம்புக்கும் கேடு. செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்கலாகாது. ஒரு நிமிடமேனும் ஆறவிட வேண்டும்.

இக்காலத்துக் காமன் ரயில் எஞ்சின்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றின் குழாய்களில் டீசல் 1,000 பாருக்கும் மிகுந்த அழுத்தத்தில் நிற்கும். பழைய எஞ்சினில் செய்ததுபோல் ஓடும்போதே நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அத்தகைய லாரிகளில் பாட்டரி, ஹீட்டர், வடிகட்டி ஆகியவற்றோடு நம் சோதனையை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை உரிய கருவி உடையவர்களிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

எங்கள் லாரியில் கண்டது

ஒத்திவைத்த அந்த வாரத்தில் ஒரு ஞாயிறன்று, ஓட்டுநரும் பெரியவரும் ஒரு மெக்கானிக்கும் கூடி மேற்சொன்ன வரிசையில் சோதித்தனர். எர்த் கம்பி எஞ்சினோடு சேரும் இடத்தில், போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு அறுந்திருந்தன. கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினர். நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றினர். மறுநாள் விடியலில் வாசலில் வாளித் தண்ணீரின் மேல் பனி ஏடு படிந்திருந்தது. ஓட்டுநர் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்பினார். லாரி உடனே கிளம்பிற்று. பம்பைப் பற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யப்பட்டது.

அன்று தொட்டு எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முடிவதற்குள் பாட்டரி, கம்பி இணைப்புகள், ஹீட்டர் பிளக்குகள், டீசல் வடிகட்டி, குழாய்கள், எஞ்சினுக்கு உரிய தரத்து ஆயில் ஆகியவை பார்க்கப்படுகின்றன. லாரிக்கென ஒரு நோட்டு உண்டு. கிளம்பத் தாமதித்த நாள், அன்றைய குளிர், புகையின் நிறம், மாற்றிய பாகம் யாவும் அதில் ஓட்டுநரின் கையால் எழுதப்படும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டும் உடன் செல்கிறது.

சங்கத்து லாரி அங்கத்தினர் அனைவரின் பங்குப் பணத்தில் வாங்கியது. அதன் பொருட்டுச் செலவழியும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு காரட் பாத்தியிலோ, ஏதோ ஒரு தறிக்குழியிலோ உழைத்துப் பெற்றதாகும். ஆகையால், பெருஞ்செலவுக்கான தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, “எதையெதைச் சோதித்தீர்கள்?” என்று கேட்பது எவரையும் ஐயுறுவதாகாது; அது அங்கத்தினரின் கடமை. எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் அக்கடமையைச் செய்தார். உங்கள் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் எழுந்து பேசும்போது அமர்ந்து கேளுங்கள்.