யாக்கோபு என்னும் பெயர்

யாக்கோபு என்றால் 'எத்தன்' என்று பொருள் என்பது பிரசங்க பீடங்களில் ஐயமின்றிக் கூறப்பட்டு வரும் விளக்கம். பெனியேலில் தன் பெயரைச் சொன்னபோது அவன் தன் வஞ்சகத்தையே அறிக்கையிட்டான் என்னும் அருளுரையும் இதன்மீதே எழுப்பப்படுகின்றது. மூலமொழி இதற்கு எவ்வளவு இடந்தருகின்றது?

ஆதியாகமம் 25:26 இப்பெயரைக் குதிகால் எனப் பொருள்படும் 'ஆக்கேவ்' என்னும் எபிரெயச் சொல்லோடு இணைக்கின்றது. தமையனின் குதிகாலைப் பற்றியவண்ணம் பிறந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பதே அங்குள்ள கூற்று. வஞ்சகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பொருளை முதன்முதல் ஏற்றுபவன் ஏசாவே (27:36). அதே வேர் எழுத்துக்களைக் கொண்டதும் வஞ்சித்தலைக் குறிப்பதுமான 'ஆக்கவ்' என்னும் வினையால் அவன் தம்பியின் பெயரைப் பழிக்கின்றான். அழுகையிலும் அவனுக்குச் சொல்நயம் கைகொடுக்கின்றது! 'பெகோரா' (சேஷ்டபுத்திரபாகம்) அன்று போயிற்று, 'பெராக்கா' (ஆசீர்வாதம்) இன்று போயிற்று என எழுத்துக்கள் இடம் மாறி ஒலிக்கப் புலம்புகின்றான். இது இழந்தவனின் குற்றச்சாட்டு. அகராதிப் பொருள் அன்று. குற்றச்சாட்டு பொய்யென்பதில்லை. எரேமியாவும் (9:4) சகோதரரின் வஞ்சகத்தைக் கண்டிக்குங்கால் இவ்வினையையே ஆளுகின்றார்.

பெயரின் தோற்றத்தைக் கானானுக்கு அப்பாலும் தேடவேண்டும். வட சிரியாவிலுள்ள சாகார் பஜாரில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் 'யாக்குப்-ஏல்' என்னும் ஆட்பெயர் காணப்படுகின்றது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் கார்னாக் கோயிற் சுவரில் பொறித்த கானானிய ஊர்ப் பட்டியலிலும் அதனையொத்த பெயர் ஒன்றுண்டு. எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் இவ்வேர் காத்தலைக் குறிக்கும். ஆகவே, 'ஏல் காப்பாராக' என்னும் முழுப்பெயரே இறைப்பெயர் நீங்கி 'யாக்கோபு' எனக் குறுகிற்று என அறிஞர் பலர் கருதுவர். இதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பிறந்த பிள்ளைக்கு எத்தன் என்று பெயரிடும் பெற்றோர் எந்நாட்டிலும் அரியர்.

இனிப் பெனியேலுக்கு வருவோம். அங்கு (32:27-28) விளக்கம் பெறுவது 'இஸ்ரவேல்' என்னும் புதுப்பெயரே. 'யாக்கோபு' வெறும் விடையாகவே நிற்கின்றது. பாவ அறிக்கையைப் பிரசங்கியார் அங்குச் சேர்ப்பாராயின், அது ஏசாவின் சொல்லைக் கடன்வாங்கிச் சேர்ப்பதாகும்.

மறுபுறமும் எச்சரிக்கை வேண்டும். பெத்தேலில் ஆண்டவர் அவனைக் காப்பதாக வாக்களிக்கின்றார் (28:15). பெயரின் பழம்பொருள் அங்கு நிறைவேறிற்று எனக் கூற நம் நா துடிக்கும். ஆனால் அவ்வசனத்தில் வரும் வினை 'ஷாமர்'. யாக்கோபின் பெயரோடு அதற்கு வேர்த்தொடர்பு இல்லை.