நாலு பல் தகராறு
கோணல் பல்லின் கதை – 7

“நல்லா இருக்கிற பல்லை எதுக்கு டாக்டர் பிடுங்கணும்?”

பிள்ளைக்குக் கம்பி போடக் கூட்டிப்போகிற அம்மாக்கள் வழக்கமாகக் கேட்பது. என் அக்காவும் கேட்டாள். அவளுக்குத் தெரியாது, போன வாரம் நாம் பார்த்த பல்சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிளும் அவள் கட்சிதான் என்று.

ஒரு காலத்தில் அவரும் பிடுங்கியவர்தான். 1900-ல் வந்த அவர் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் பல் எடுப்பதற்கு இடம் இருந்தது. 1907-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது அந்தப் பேச்சே இல்லை. எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில் நின்றுவிட்டால் முகம் தானாகக் களையாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. பல்வரிசை பிசகாத ஒரு மண்டையோட்டுக்கு ‘ஓல்ட் குளோரி’ என்று பெயர் சூட்டி, இதுதான் இலக்கணம் என்று காட்டினார். சிலருக்குப் பல்லை எடுக்காமல் தீராது என்று இன்னொரு பல் மருத்துவரான கால்வின் கேஸ் 1911-ல் வாதாடிப் பார்த்தார். ஆங்கிளின் சீடர்கள் அவரைப் பேசவிட்டு, பிறகு ஒதுக்கிவிட்டார்கள். கேஸ் சொன்னதில்தான் நியாயம் இருந்தது என்பேன்.

ஆனால் கைவேலையில் ஆங்கிளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுபது வயதை ஒட்டி அவர் செய்த ‘எட்ஜ்வைஸ்’ பிராக்கெட்டைப் பாருங்கள். பல்லின் முகப்பில் ஒட்டி நிற்கும் சின்ன உலோகத் துண்டு. அதன் குறுக்கே ஒரு பள்ளம்: உயரம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 22 பங்கு, ஆழம் 28 பங்கு. அதில் உட்காரும் கம்பி உருண்டையல்ல, பட்டை. உருண்டைக் கம்பி பள்ளத்துக்குள் சுழன்றுவிடும். பல் சாயுமே தவிர வேர் அசையாது. பட்டைக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கி உள்ளே வைத்தால், அது நிமிரப் பார்க்கிற வேகத்தில் ஈறுக்குள் இருக்கும் வேரும் சேர்ந்து திரும்பும்.

இந்தக் கருவியை அவரிடமே கற்றுக்கொண்டு அரிசோனாவின் பீனிக்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார் சார்லஸ் ட்வீட். குரு சொன்னபடியே ஒரு பல்லையும் எடுக்கவில்லை. 1930-ல் ஆங்கிள் இறந்துபோனார். ட்வீட்டுக்கு உள்ளே ஒரு உறுத்தல். வரிசை நேராகத்தான் இருக்கிறது. ஆனால் பல பிள்ளைகளுக்கு வாய் முன்னே துருத்திக்கொண்டு நிற்கிறது, சிலருக்குப் பற்கள் பழைய கோணலுக்கே திரும்பிவிட்டன. அப்படிப் பிசகிப்போன பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்து, முன்கடைவாய்ப் பற்கள் நாலை எடுத்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி கம்பி போட்டார்.

1936-ல் இதை வெளியே சொன்னார். குருத்துரோகம் என்று சக சீடர்கள் கொதித்தார்கள். ட்வீட் எதிர்வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. 1940-ல் நூறு பேருடைய அச்சுகளையும் படங்களையும் கொண்டுவந்து பரப்பினார். எடுக்காமல் செய்தது ஒருபுறம், அதே ஆளுக்கு எடுத்துச் செய்தது மறுபுறம்.

அக்கா மகளுக்கு நாலு பல் எடுத்தாகிவிட்டது. பிராக்கெட்டின் பள்ளம் என்ன அளவு என்று டாக்டரிடம் விசாரித்தேன். “இருபத்திரண்டு” என்றார்.

(தொடரும்)