உழைச்செல்வாரின் சொல்: தாதியர் – நோயாளர் உரையாடலின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', தனது இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துக் கூறுகிறது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. 'உழை' என்னும் சொல் பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தை இயற்றிக் கொடுப்பவனே உழைச்செல்வான். இலங்கையில் நாம் தாதி என்றும் தமிழ்நாட்டார் செவிலி என்றும் வழங்கும் தொழிலின் முன்னோடியை இச்சொல்லிற் காணலாம். இக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் நான்கு உறுப்புகளுக்கும் நந்நான்கு இயல்புகள் கூறுகிறார். நோயாளிக்குரியவற்றுள் ஒன்று தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தல். உழைச்செல்வானுக்குரியவற்றுள் ஒன்று நோயாளியிடத்து அன்புடைமை. நோயாளி பேசுவதும், பக்கத்தில் நிற்பவர் அதனை அன்போடு ஏற்பதும் மருத்துவத்துக்குப் புறம்பான உபசாரங்களாக இங்கு கருதப்படவில்லை என்பது தெளிவு.

எனினும் அதே பட்டியலில் நோயாளியின் முதலாவது இயல்பாகச் சுட்டப்படுவது பொருளுடைமை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பொருளில்லாதவனின் நோய்நிலையைக் கேட்பார் யார் என்ற வினாவுக்கு உரையாசிரியரின் சமுதாயம் விடை வைத்திருக்கவில்லை. இலங்கையில் 1951ஆம் ஆண்டு அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டமை அவ்வகையில் ஒரு வரலாற்றுத் திருப்பமாகும். வறியவனும் கட்டிலைப் பெற்றான். ஆயின், கட்டிலைப் பெற்றவனுக்குப் பேச்சும் கிடைத்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தாதியருக்கும் நோயாளருக்கும் இடையே நிகழும் உரையாடல் சிகிச்சையின் ஓர் உறுப்பு என்பதை இன்றைய தாதியக் கல்வி ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் அதனைத் தனிமனித நற்பண்பாகவோ பயிற்சியால் வரும் உத்தியாகவோ மாத்திரம் நோக்குமிடத்து, அவ்வுரையாடலை ஆக்கவும் அழிக்கவும் வல்ல சமூக நிலைமைகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

செவிலி என்ற சொல்லே இதற்கு ஓர் இலக்கியச் சான்று தருகிறது. சங்க அகப்பாடல்களிற் செவிலி தலைவியை வளர்க்கும் தாய். குறிஞ்சித்திணைப் பாடல்கள் பலவற்றில், தலைவியின் மேனியிற் பசலை படர்வதையும் அவள் மெலிவதையும் கண்டு தாயர் கலங்குகின்றனர்; கழங்கு பார்க்கின்றனர்; வேலனை அழைத்து வெறியாட்டு அயர்கின்றனர். முருகனால் வந்தது என அவர்கள் கொண்ட நோய், உண்மையிற் காதலால் வந்தது. தாயரிடம் அன்பு குறைவென்று எவருஞ் சொல்லார். உடலைக் கூர்ந்து நோக்கும் திறனும் அவர்களுக்கு உண்டு. குறைந்தது யாதெனின், தலைவி தன் நிலையை வாய்விட்டுச் சொல்வதற்கான சமூக அனுமதியே. களவொழுக்கத்தை வெளியிட இயலாத பெண் மௌனமாகிறாள். அம்மௌனத்தைச் சடங்கு நிரப்புகிறது. இறுதியில், தலைவியோடு ஒத்த நிலையிற் பழகும் தோழியே உண்மையை அறத்தொடு நின்று வெளிப்படுத்துகிறாள். நோயாளி பேசுவதற்குச் செவிமட்டும் போதாது. அச்செவிக்கும் அவளுக்கும் இடையிலான உறவும் இடங்கொடுக்க வேண்டும் என்பதை இப்பாடல்கள் உணர்த்துகின்றன.

நவீன தாதியம் இவ்வுண்மையைத் தனது பாதையில் மெல்ல மெல்லக் கண்டடைந்தது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதியக் குறிப்புகளில், நோயாளியின் அறைக்குள்ளும் வாயிலிலும் இரகசியம் பேசுவதையும், 'எல்லாம் சுகமாகிவிடும்' எனப் பொய்யாறுதல் கூறுவதையும் கண்டித்தார். அத்தகைய ஆறுதல், சொல்பவரின் சங்கடத்தைத் தீர்க்குமேயன்றி நோயாளியின் அச்சத்தைத் தீர்க்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர், 1952இல், அமெரிக்கத் தாதியான ஹில்டெகாட் பெப்லோ, தாதியத்தை மனிதருக்கிடையிலான உறவாகவே வரையறுத்து நூலொன்றை வெளியிட்டார். தாதியும் நோயாளியும் முதலில் அந்நியராகச் சந்திக்கின்றனர். நோயாளியின் தேவை இன்னதென இருவருஞ் சேர்ந்து தெளிகின்றனர். அவ்வுறவின் பயனை நோயாளி பெறுகிறார். முடிவில் அவர் சொந்தக் காலில் நிற்க உறவு நிறைவடைகிறது. வைத்தியர் ஒருவரை இணையாசிரியராகச் சேர்க்காது தாதியொருத்தி இத்தகைய நூலை எழுதுவது அந்நாளில் மிகையெனக் கருதப்பட்டமையால் அதன் வெளியீடு சில ஆண்டுகள் தாமதமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. நோயாளியைப் பேச வைப்பது பற்றி எழுத முற்பட்டவர், தாம் பேசுவதற்கே முதலிற் போராட வேண்டியிருந்தது.

பெப்லோ கூறிய உறவு வைத்தியசாலைகளில் ஏன் எளிதில் உருவாவதில்லை? 1960இல் இலண்டன் வைத்தியசாலையொன்றின் தாதியர் சேவையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் இதற்கு முக்கியமான விடையொன்றைத் தந்தார். அங்கு தாதியின் வேலை சிறுசிறு கடமைகளாகத் துண்டாடப்பட்டிருந்தது. ஒருவர் அனைவரின் வெப்பநிலையை அளப்பார். மற்றொருவர் அனைவருக்கும் மருந்து வழங்குவார். எவருக்கும் ஒரு நோயாளி முழுமையாக உரியவரல்லர். நோயாளர் பெயரால் அன்றி, கட்டில் எண்ணாலும் பழுதுற்ற உறுப்பாலும் குறிக்கப்பட்டனர். துன்பத்தையும் மரணத்தையும் இடைவிடாது சந்திப்பதால் எழும் பதற்றத்திலிருந்து தப்புவதற்கு அந்நிறுவனமே இவ்வேற்பாட்டை வளர்த்துக்கொண்டது என்பது மென்சீஸின் முடிவு.

அவரது உளப்பகுப்பாய்வு விளக்கத்தோடு நாம் அரசியற் பொருளாதார விளக்கத்தையும் இணைத்தல் வேண்டும். தொழிற்சாலையில் உழைப்பு துண்டாடப்படும்போது தொழிலாளி தான் ஆக்கும் பொருளிலிருந்து அந்நியமாகிறான். விடுதியிலே தாதி அந்நியமாவது ஒரு மனிதரிடமிருந்து. அளந்த வெப்பநிலையும் கொடுத்த மருந்தும் பதிவேட்டில் ஏறுகின்றன. கட்டிலருகே நின்று கேட்ட பத்து நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் வராத உழைப்பு முதலிலே கைவிடப்படும். தாதியரிற் பெரும்பாலோர் பெண்களாதலால், கேட்டலும் தேற்றலும் உழைப்பென்றே கொள்ளப்படாது பெண்மையின் இயற்கையெனக் கொள்ளப்படுவதும் இதனோடு இணைந்ததே. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1983இல், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, முகமலர்ச்சியும் கனிவும் கூலிக்கு விற்கப்படும் உணர்ச்சி உழைப்பாவதை எடுத்துக்காட்டினார். தனியார் வைத்தியசாலையிற் கட்டணஞ் செலுத்துபவருக்குப் புன்னகை பண்டமாக வழங்கப்படுவதும், நெரிசல் மிக்க அரசாங்க விடுதியில் அது அருந்தலாவதும் தாதியரின் குணவேறுபாட்டால் நிகழ்வன அல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சுகாதாரப் பணியாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறியமை, எஞ்சியோரின் நேரத்தை மேலும் சுருக்கியது.

இலங்கையிலே இப்பிரச்சினை மொழியோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயைத் தளமாகக்கொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) ஆகிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். மதப்பரப்பல் நோக்கம் அவருக்கு இருந்தது உண்மையே. ஆயினும் நோயாளியின் மொழி அறிவியலின் மொழியாகலாம் என்பதை அவர் நடைமுறையிற் காட்டினார். அவர் தொகுத்தது வைத்தியரின் சொற்களஞ்சியம். கட்டிலருகே வழங்கும் சொற்களின் களஞ்சியம் இன்றும் தொகுக்கப்பட வேண்டியதாகவே உள்ளது.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் பொதுநிருவாகச் சுற்றறிக்கை, அரசாங்க உத்தியோகத்தர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என விதித்தது. சட்டநூலில் உரிமை உண்டு. ஆனால் 1983 யூலைக்குப் பின்னர் கொழும்பின் பொதுவிடங்களில் தமிழிற் பேசவே அஞ்சி வாழ்ந்த ஒரு தலைமுறை, வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும்போது அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் என எதிர்பார்ப்பது பொருந்துமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொள்ளுப்பிட்டியில் எமது அயலில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து முதிய பெண்மணி ஒருவர் அரசாங்க வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டபோது, உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "நெஞ்சுக்கை அடைக்குது, ஒரே யோசனையாக் கிடக்கு" என்றார் அவர். சிங்களத் தாதி கனிவானவர். 'அம்மா' என்றே விளித்தார். ஆனால் தமிழ் அறியார். துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த மலையகப் பெண்ணொருவரை அழைத்து மொழிபெயர்க்கச் செய்தார். அப்பெண் நெஞ்சடைப்பை மட்டும் சொன்னார். யோசனை என்பது அவரது வழக்கில் எண்ணம். யாழ்ப்பாணத்தவருக்கோ அது உறக்கங் கெடுக்கும் கவலை. இதயத்தைச் சோதித்தனர், பழுதேதும் தெரியவில்லை. "ஒன்றுமில்லை அம்மா" என்றார் தாதி, தாம் அறிந்த சிறிதளவு தமிழில். முதியவர் அதன்பின் எதுவும் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்த மகனின் தொலைபேசி அழைப்புகள் நின்றபின் அவர் உறங்கவில்லை என்பதும், இரண்டு வாரங்களாகக் காலைக் குளிசைகளை விழுங்கவில்லை என்பதும் மூன்று நாள் கழித்தே தெரியவந்தன. இவற்றுள் இரண்டாவது செய்தி முழுக்க முழுக்க வைத்தியத்துக்குரிய செய்தி. முதலாவதைக் கேட்டிருந்தாலன்றி அது வெளிவந்திராது. மூவருள் எவரையும் இதற்குக் குற்றஞ்சாட்ட இயலாது. விடுதியின் மிகக் குறைந்த சம்பளக்காரர், தமது வேலையை இடையில் நிறுத்தி, ஊதியமின்றி, மிகக் கடினமான வேலையொன்றைச் செய்தார் என்பதே நாம் கருதவேண்டியது.

'தமிழ் தெரிந்த ஒருவர்' இருந்தாற் போதும் என்ற எண்ணத்தின் குறைபாட்டையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. யாழ்ப்பாணத்தவர் நாரி நோகிறது என்பார். மலையகத்தவர் இடுப்பு வலிக்கிறது என்பார். முன்னவருக்குச் சத்தி, பின்னவருக்கு வாந்தி. கொழும்பிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் முஸ்லிம்களின் வழக்குகள் வேறு. மேலும், தமிழ்நாட்டிற் பெரும்பாலும் துயரத்தைக் குறிக்கும் 'வருத்தம்', இலங்கைத் தமிழில் நோயையுங் குறிக்கும். "என்ன வருத்தம்?" என்ற வினாவிலே உடலும் உள்ளமும் இன்னும் பிரிக்கப்படவில்லை. போரின் உளப்பாதிப்புகளை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்ட உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் ஆய்வுகள், நம் மக்கள் உள்ளத்தின் துயரை உடலின் மொழியில் உரைப்பதைக் கவனத்துக்குக் கொண்டுவந்துள்ளன. அம்மொழியை அறியாதவருக்கு நோயாளி தரும் செய்தியின் பாதி மட்டுமே எட்டும்.

தமிழறிந்த தாதியருக்கும் ஒரு பொறுப்புண்டு. தமிழில் முன்னிலையாரை விளிக்கும்போது உயர்வு தாழ்வு சுட்டாது தப்பிக்கொள்வது கடினம். நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். தேர்வு வினைமுற்றிலும் பதிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தருக்கு 'நீங்கள்' என்பவர், தோட்டத்திலிருந்து வரும் அதே வயதுப் பெண்ணை 'நீ' என விளிப்பாராயின், அவ்வொரு விகுதியிலே வர்க்கமும் சாதியும் கட்டிலருகே வந்து நின்றுவிடுகின்றன. வேலைக்குச் சென்று 'பேர்' விழுந்தாலன்றிக் கூலியில்லாத வாழ்விலே, சுகமில்லை என்று சொல்வதே நட்டமென அறிந்தவர் அவர். 'நீ' என்ற சொல்லைக் கேட்டபின் தமது நோவைக் குறைத்தே கூறுவார்.

எனவே செய்ய வேண்டியவை வெறும் அறிவுரைகள் அல்ல. தாதியரின் எண்ணிக்கை கூடவேண்டும். கேட்டலுக்கான நேரம் கடமை நேரமாகக் கணிக்கப்படவேண்டும். இரண்டாம் மொழிக் கல்வி, பரீட்சைச் சான்றிதழோடு முடியாது விடுதி உரையாடலை மையமாகக் கொள்ளவேண்டும். மொழிபெயர்ப்பு, பயிற்சியும் ஊதியமும் உள்ள பதவியாக வேண்டும். இவை சிங்களத் தாதியருக்கு எதிரான கோரிக்கைகள் அல்ல. அவர்களது வேலைச்சுமையும் தமிழ் நோயாளரின் மௌனமும் ஒரே நெருக்கடியின் இரு பக்கங்களாதலால், தொழிற்சங்கங்கள் இவற்றைத் தமது கோரிக்கைகளாகவே ஏற்கலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆய்வாளருக்கும் இதிலோர் உடனடிப் பணி உண்டு. வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு ஆகிய பிரதேசங்களில் தமிழ் பேசும் மக்கள் நோவையும் அச்சத்தையும் கவலையையும் குறிக்க இன்று வழங்கும் சொற்களை, அவர்களிடமிருந்தே கேட்டுத் தொகுத்து, சிங்கள விளக்கத்தோடு தாதியர் கையில் எடுத்துச்செல்லத்தக்க சிறு நூலாக்கலாம். கிறீன் வைத்தியருக்காகச் செய்ததை உழைச்செல்வாருக்காகச் செய்வதாக அது அமையும். அத்தகைய நூல் ஒன்று அன்று அவ்விடுதியில் இருந்திருப்பின், 'யோசனை' என்ற சொல்லுக்கு நேரே தாதியின் விரல் சென்று நின்றிருக்கும். குளிசைகள் எங்கே என்று அவர் கேட்டிருப்பார்.