பிடியரிசியும் சமாதானமும்

கலகம் ஓய்ந்த பின் ஒரு நாட்டைச் சீர்படுத்துபவர் யார்? அரசாங்கம் சாலை போடலாம், பாலம் கட்டலாம், நஷ்ட ஈடும் வழங்கலாம். ஆயினும், அண்டை வீட்டாரை ஐயத்தோடு நோக்கப் பழகிய கண்களில் மீண்டும் நம்பிக்கையை வரவழைப்பது அரசாங்க இலாகா எதனாலும் தனித்து இயலும் காரியமன்று. அதற்கு உள்ளூர் மண்ணில் வேரூன்றிய ஸ்தாபனங்கள் வேண்டும். பாரத நாட்டின் வடகிழக்குக் கோடியில், பர்மாவுக்கும் வங்க தேசத்துக்கும் இடையே அமைந்த மிசோரம் இதற்கு நல்லதொரு சான்று.

மிசோ குன்றுகளுக்கு 1894-ஆம் ஆண்டில் லொரெய்ன், ஸாவிட்ஜ் என்னும் இரு பாதிரிமார் வந்தனர். எழுத்து வடிவம் பெறாதிருந்த மிசோ மொழிக்கு ரோமன் எழுத்துக்களைக் கொண்டு நெடுங்கணக்கு வகுத்தனர். 1897-இல் வேல்ஸ் நாட்டுப் பிரெஸ்பிடீரியன் சபையார் வந்து பணியைத் தொடர்ந்தனர். பள்ளிகள் எழுந்தன, 1928-இல் துர்த்லாங்கில் மருத்துவமனை தோன்றியது. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அம்மாநில மக்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்; எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 91 பேருக்கு மேல்.

ஆனால் கட்டடங்களைக் காட்டிலும் பெரியது ஒரு வழக்கம். 1910 முதல் மிசோ இல்லங்களில் தாய்மார் ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைக்கின்றனர். அதனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டுவர். விற்று வரும் பணம் சபைப் பணிகளுக்கு உதவும். பிடியரிசி ஒதுக்குதல் தமிழராகிய நமக்கும் புதிதன்று. ஏழையும் கொடுப்பவராகலாம் என்பதே இதன் சிறப்பு. பிறர் கொடையை எதிர்பார்த்து நிற்காத சபையாக அது வளர்ந்தது இவ்வாறுதான்.

சபைக்குத் துணையாக வேறு இரு அமைப்புகளும் உண்டு. 1935-இல் தோன்றிய வாலிபர் சங்கம் ஒன்று. இன்று மிசோ வாலிபர் சங்கம் என வழங்குவது அதுவே. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் குழி தோண்டுவதும், இரவெல்லாம் துக்க வீட்டில் உடனிருப்பதும், காட்டில் காணாமற் போனவரைத் தேடிச் செல்வதும் அதன் பணிகள். மற்றொன்று ஊர் மன்றம். பரம்பரைத் தலைவர்களின் உரிமைகள் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகற்றப்பட்டபின், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே ஊர்க் காரியங்களை நடத்தி வருகின்றன.

இத்தகைய சமூகத்தின்மீதுதான் பேரிடி விழுந்தது. 1959-இல் மூங்கில் பூத்தது. எலிகள் பெருகிப் பயிரைத் தின்றன; பஞ்சம் வந்தது. நிவாரணம் போதவில்லை என்ற மனக்கசப்பு அரசியலாக மாறியது. பஞ்ச நிவாரணத்துக்கெனத் தொடங்கிய இயக்கம் 1961-இல் மிசோ தேசிய முன்னணியாயிற்று. லால்டெங்காவின் தலைமையில் அது 1966 மார்ச் முதல் நாளன்று சுதந்திரம் அறிவித்து ஆயுதம் ஏந்தியது. அதே மாதம் 5-ஆம் நாள் ஐஸ்வால் நகரின்மீது இந்திய விமானங்கள் தாக்குதல் நடத்தின. 1967 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு, சாலையோரத் தொகுப்பு முகாம்களில் குடியேற்றப்பட்டனர். காட்டு வேளாண்மை சீர்குலைந்தது. ஊரின் உறவுமுறைகளும் குலைந்தன.

ஊர் கலைந்தபோதும் சபை கலையவில்லை. மக்கள் கூடுவதற்கும் ஒருவர் துயரை ஒருவர் அறிவதற்கும் அதுவே இடமாயிற்று. திருச்சபைத் தலைவர்கள் வன்முறை வழியை ஏற்கவில்லை. அதே வேளையில், காட்டிற்குச் சென்ற இளைஞர் தம் சபையின் பிள்ளைகள் என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. ஆகவே, இரு தரப்பாரிடமும் பேசத்தக்கவர்களாய் அவர்கள் இருந்தனர். ஸைரேமா முதலிய போதகர்கள் சமாதானத் தூதில் ஈடுபட்டனர். ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரியான சைலோ 1974-இல் மனித உரிமைக் குழு அமைத்து, மக்கள் பட்ட இன்னல்களை எடுத்துரைத்தார். 1982-இல் பல சபைகளின் தலைவர்களும் ஒன்று கூடி அமைதிக்கான குழுவொன்றை அமைத்தனர்.

1986 ஜூன் 30-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அப்போது முதலமைச்சராயிருந்த லால் தன்ஹாவ்லா தம் பதவியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் துணை முதலமைச்சரானார். 1987 பிப்ரவரி 20-இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. அதன்பின் அந்தப் போர் மீண்டும் மூளவில்லை. காட்டிலிருந்து திரும்பியவரை ஊர் ஏற்றுக்கொண்டதே இதற்கு முக்கிய காரணம். கையெழுத்து தில்லியில் நிகழ்ந்தது. ஏற்றுக்கொள்ளுதல் ஒவ்வோர் ஊரிலும் நிகழ வேண்டியிருந்தது.

எனினும், இச்சிறப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட புரூ மக்கள் பல்லாயிரவர், 1997-இல் எழுந்த கலவரத்தினால் திரிபுராவுக்கு ஓடினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக முகாம்களில் வாழ்ந்த அவர்கள் திரிபுராவிலேயே குடியமர 2020 ஜனவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் 2021-இல் பர்மாவின் இராணுவ ஆட்சிக்கு அஞ்சி எல்லை தாண்டி வந்த சின் மக்களுக்கும், 2023-இல் மணிப்பூர்க் கலவரத்தினின்று தப்பி வந்த குக்கி மக்களுக்கும் இதே மிசோரத்தின் சபைகளும் வாலிபர் சங்கமும் சோறும் கூரையும் அளித்தன. வந்தவர்கள் மிசோ மக்களுக்கு இனத்தாலும் சமயத்தாலும் உறவினர். உறவினரை அணைத்த கை, உறவல்லாதவரிடம் அதே அளவு நீளவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நாமும் செல்லுமிடமெல்லாம் சங்கம் அமைக்கின்றோம். கோயிலும் பள்ளியும் காண்கின்றோம். அவை நம்மவரின் துயரில் உடன் நிற்பது கடமை. ஆனால் அவற்றின் உண்மையான வலிமை, பக்கத்துத் தெருவில் வாழும் வேற்று மொழிக்காரரின் வீட்டில் சாவு நேரும் நாளிலும் நம் இளைஞர் அங்கே சென்று நிற்கின்றனரா என்பதில் புலப்படும். அமைதி நிலவும் காலத்திலேயே அப்பழக்கம் ஏற்பட வேண்டும். கலகம் வந்தபின் தேடினால் நம்பிக்கை கிட்டாது. அதுவும் நாள்தோறும் ஒரு பிடியாகச் சேர வேண்டிய பொருளே.