ஒளியுளிக்கு அளவு வகுத்தல்

பரிசுக் கேடயத்தின்மேல் பொறித்த பெயரும், திருமண அழைப்பிதழின் அட்டையில் மெல்லிதாக வெட்டிய கொடியும் மலரும், கடைவாசலை அலங்கரிக்கும் அக்ரிலிக் பெயர்ப்பலகையும் இன்று பெரும்பாலும் லேசர் யந்திரத்தின் வேலையே என்பதைப் பலரும் அறிவர். அந்த யந்திரத்தை விலைகொடுத்து வாங்குவது எளிது; அதனிடம் நல்ல வேலை வாங்குவதோ, அதனை ஏவும் கணினி மென்பொருளில் பத்துப் பன்னிரண்டு அளவுகளை முறையாக வகுக்கத் தெரிந்தவருக்கே கைகூடும். 'இந்த மரத்துக்கு எத்தனை பவர், எத்தனை ஸ்பீடு?' என்று அயலாரிடம் கேட்டு, கிடைத்த எண்ணை அப்படியே பதித்துக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு இரவல் பெற்ற எண் ஏன் உதவுவதில்லை என்பதையும், தமக்குரிய எண்ணை ஒருவர் தாமே கண்டுகொள்ளும் மார்க்கம் எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளியால் தூண்டப்பட்ட அணு, தன்னைத் தூண்டிய ஒளியையே ஒத்த ஒளியை உமிழக்கூடும் என்று 1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் கணித மூலமாக நிறுவிய உண்மை, 1960 மே 16-ஆம் தேதி, கலிபோர்னியாவின் மாலிபு நகரிலிருந்த ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மெய்மன் என்பவர் மாணிக்கக் கல்லைக்கொண்டு அமைத்த முதல் லேசரில் பிரத்தியட்சமாயிற்று. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய குமார் பட்டேல் 1964-இல் உருவாக்கிய கரியமில வாயு லேசரே, இன்று நம் பட்டறைகளில் மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டும் யந்திரங்களுக்கெல்லாம் மூலபுருஷன். அதன் கிரணம் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாதது, மரம், தோல், காகிதம், அக்ரிலிக், கண்ணாடி ஆகிய யாவும் அதனை உறிஞ்சிச் சூடேறுகின்றன. மேசைமேல் வைத்துக்கொள்ளும் சிறு யந்திரங்களில் உள்ள டயோடு லேசரோ ஏறக்குறைய 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. நிறமற்ற அக்ரிலிக் தகட்டை அது யாதொரு தீங்கும் செய்யாமல் ஊடுருவிப் போய்விடும். ஆகவே ஒரே தகடு, ஒரே வாட், ஒரே வேகம் என்றிருந்தும், ஒரு யந்திரத்தில் வெட்டுண்பது மற்றொன்றில் கீறலும் விழாமல் நிற்பதற்கு யந்திரத்தின் குற்றமோ மென்பொருளின் குற்றமோ காரணமன்று. ஒளியின் ஜாதியே வேறு.

அளவுகளில் பிரதானமானவை பவர், வேகம் என்னும் இரண்டு. இஸ்திரிப்பெட்டியின் சூடு எவ்வளவு, அதை நகர்த்தும் கை எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே துணி மடிப்பு நீங்குவதையும் கருகுவதையும் தீர்மானிப்பதுபோல, கிரணத்தின் சக்தியும் அது நகரும் வேகமும் சேர்ந்தே பொருளின்மேல் விழும் வெப்பத்தைத் தீர்மானிக்கின்றன. 40 வாட் கிரணம் வினாடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் 0.2 ஜூல் வெப்பம் இறங்கும். 20 வாட் கிரணம் 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினாலும் அதே 0.2 ஜூல்தான். ஆனால் கணக்கு ஒன்றாயிருப்பதனால் பலனும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளலாகாது. மெதுவாகச் செல்லும் மெலிந்த கிரணத்தின் வெப்பம் பக்கங்களில் பரவிக் கசிவதற்கு அவகாசம் பெறுவதால் மரத்தின் ஓரம் அகலமாகக் கருகுகிறது. விரைந்து செல்லும் வலிய கிரணமோ பொருளை அவ்விடத்திலேயே ஆவியாக்கிவிட்டு, அண்டைப் பகுதி சூடேறுமுன் கடந்துவிடுகிறது. வெட்டு சுத்தமாக வேண்டுமாயின், அடிவரை அறுபடும் எல்லைக்குள் இயன்ற அளவு அதிக வேகத்தை நாடுவதே உத்தமம் என்பது என் துணிபு.

மென்பொருளில் நாம் இடும் '50 சதவீதம்' என்பது 50 வாட் அன்று. யந்திரத்தின் உச்ச சக்தியில் சரிபாதி என்று கொள்வதும் பலசமயம் பிழையாகும். கரியமில வாயுக் குழாயில் மின்னோட்டம் ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டினாலன்றி ஒளியே பிறப்பதில்லை. ஆதலால் மிகச் சிறிய சதவீதம் இட்டவருக்கு ஒன்றும் பொறிபடாமல் ஏமாற்றம் உண்டாகும். மேல் எல்லையிலோ, குழாய்க்கு விதிக்கப்பட்ட மில்லியாம்பியரை மீறி ஓட்டினால் வெளிச்சம் கூடுவது சொற்பம், குழாயின் ஆயுள் குறைவது மிகுதி. குளிர்விக்கும் நீரின் வெப்பம் ஏறினாலும் குழாய் பழையதானாலும் அதே சதவீதம் குறைந்த சக்தியையே தரும். சென்ற ஆண்டு சரியாக இருந்த எண் இவ்வாண்டு பொய்ப்பதன் ரகசியம் இதுவே.

டயோடு யந்திரங்கள் பலவற்றை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரலில் இதனினும் நுட்பமான ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. அதன் முப்பதாம் எண்ணுள்ள அமைப்பில் உச்ச சக்தியைக் குறிக்கும் மதிப்பு வழக்கமாக 1000 என்று இருக்கும். கணினியில் உள்ள மென்பொருளோ உச்சம் 255 என்று எண்ணிக்கொண்டிருந்தால், நாம் நூறு சதவீதம் கேட்டும் யந்திரம் ஏறத்தாழ 25 சதவீதமே தரும். புதிய யந்திரம் காகிதத்தைக்கூட வெட்டவில்லை என்று விற்றவரோடு வழக்காடுவதற்கு முன், இவ்விரு மதிப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குவது அவசியம். அடுத்தபடியாக வேகத்தின் அலகு: கரியமில யந்திரங்களில் அதனை வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், சிறு டயோடு யந்திரங்களில் நிமிஷத்துக்கு இத்தனை என்றும் குறிப்பது வழக்கமாதலால், அலகைக் கவனியாமல் எண்ணை மாத்திரம் எடுத்தாண்டவர் 60 மடங்கு பிசகிவிடுவார்.

மென்பொருளைத் திறக்குமுன் கவனிக்கவேண்டியது ஃபோகஸ். இரண்டு அங்குல லென்ஸ், அதாவது 50.8 மில்லிமீட்டர் குவியதூரமுடையது, கிரணத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அல்லது இரண்டு பங்கு அளவுள்ள புள்ளியாகச் சுருக்குகிறது. புள்ளியின் விட்டம் இரட்டித்தால் அதே சக்தி நான்கு மடங்கு பரப்பில் பரவி வலுவிழக்கும். சாய்த்து வைத்த மரச்சட்டத்தின்மேல் ஒரு நேர்கோடு பொறித்து, அக்கோடு எவ்விடத்தில் மிக மெல்லிதாக இருக்கிறதோ அவ்விடத்தின் உயரமே சரியான ஃபோகஸ் என்று காண்பது எளியதும் நம்பத்தக்கதுமான பரீட்சை. லென்ஸில் புகைப்படலம் படிந்திருக்கையில் வகுத்த அளவுகள், துடைத்த மறுகணமே பயனற்றவையாகிவிடும்.

பொறிப்பு வேலையில் கிரணம் நெசவுநாடாபோல் இடவலமாக ஓடி, கோட்டின் அருகே கோடாகப் பரப்பை நிரப்புகிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்றால் ஓர் அங்குலத்தில் 254 கோடுகள் விழும். புள்ளியின் அகலத்தைவிட இடைவெளியை மிகவும் குறைத்துவிட்டால் ஒரே இடம் இரண்டு மூன்று முறை எரிந்து, படத்தின் நுட்பம் பெருகுவதற்குப் பதிலாகக் குழம்பிப்போகிறது; நேரமும் விரயமாகிறது. புகைப்படத்தை மரத்தில் பொறிப்பது இன்னும் நுண்ணிய கலை. மரம் வெளுப்பிலிருந்து கருமைவரை உள்ள சாயல்களைச் சீராகக் காட்டவல்லதன்று. ஆகையால் படத்தை அடர்ந்தும் கலைந்தும் நிற்கும் புள்ளிகளின் கூட்டமாக மாற்றி, தொலைவிலிருந்து பார்க்கும் கண் அவற்றைச் சாயலாகக் கண்டுகொள்ளும்படி செய்யவேண்டும். 1976-இல் ராபர்ட் ஃபிளாய்டும் லூயி ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளியிலும் நேர்ந்த பிழையை அண்டைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்தளித்து இதனைச் சாதிக்கிறது. இன்றைய லேசர் மென்பொருள்களும் அதனைக் கைக்கொள்கின்றன. இவ்வாறு புள்ளியாக்கிய படத்தைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்தால் வரிவரியான விகாரங்கள் தோன்றும்; எனவே பொறிக்கவிருக்கும் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன்பின்னரே புள்ளியாக்கல் வேண்டும்.

ஓடும் தலை ஓரத்தை அடைந்து திரும்பும்போது வேகம் தணிந்தாகவேண்டும். தணிந்த இடத்தில் வெப்பம் மிகுந்து ஓரங்கள் ஆழமாகக் கருகும். இதனைத் தடுக்க, படத்தின் எல்லைக்கு அப்பால் ஒளியை அணைத்தபடி தலை சிறிது தூரம் ஓடித் திரும்புமாறு ஓர் அமைப்பு எல்லா நல்ல மென்பொருள்களிலும் உண்டு. போகும் கோடும் வரும் கோடும் ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுத்தின் ஓரம் ரம்பப்பல்போல் தெரிவது வேறொரு தோஷம்: வினாடிக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒளி அரை மில்லிவினாடி தாமதித்துப் பிறந்தாலும் கோடு 0.2 மில்லிமீட்டர் பிறழ்ந்துவிடும். வேகத்துக்கு ஏற்பப் பிறழ்ச்சியும் வளர்வதால், ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனித் திருத்தம் அளந்து எழுதிவைக்கவேண்டும்.

வெட்டும் வேலைக்கு வருவோம். கிரணம் சென்ற வழியில் பொருள் மறைந்துபோவதால், 20 மில்லிமீட்டர் சதுரம் வரைந்து வெட்டினால், வெட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டராயின், கையில் வரும் துண்டு 19.8 மில்லிமீட்டரும், அது விட்டுச்சென்ற துளை 20.2 மில்லிமீட்டருமாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தவேண்டிய பெட்டி, பதிப்புவேலை முதலியவற்றில் வெட்டின் பாதி அகலமாகிய 0.1 மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டை வெளியே தள்ளிவைக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லவேண்டும். உள்ளே உள்ள வடிவங்களை முதலிலும் புறக்கோட்டைக் கடைசியிலும் வெட்டுமாறு வரிசை வகுப்பதும் இன்றியமையாதது; புறக்கோடு முதலில் அறுந்தால் துண்டு நழுவி, உட்புற வெட்டுகள் இடம் மாறும். தமிழ் எழுத்துகளை வெட்டுகிறவர் இதனை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும், ஏனெனில் ண, ன முதலியவற்றின் சுழிகளுக்குள் அடைபட்ட சிறு பகுதிகள் உள. எழுத்தைத் துளையாக வெட்டும் தகட்டில் அவை உதிர்ந்துவிடாமலிருக்க மெல்லிய பாலங்களை விட்டுவைக்கவும் வேண்டும்.

ஓரத்தில் திரும்பும்போது நேர்வதுபோலவே, கோணங்களிலும் தலை வேகம் தணிவதனால் அங்கே கருகல் மிகும். கரியமில யந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் உச்ச பவர், குறைந்த பவர் என இரண்டு மதிப்புகள் கேட்கப்படுவது இதற்காகவே. தலை மெதுவாகும்போது சக்தியும் கீழ் மதிப்பை நோக்கி இறங்குகிறது. ஜி.ஆர்.பி.எல். யந்திரங்களில் இதே காரியத்தை எம்4 என்னும் கட்டளை செய்கிறது. எம்3 என்பதோ வேகம் எதுவாயினும் ஒரே சக்தியைத் தருகிறது. வெட்டும் இடத்தில் காற்றை ஊதுவதும் அளவுகளில் ஒன்றாகவே எண்ணத்தக்கது. 1967-இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே இருந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் லேசர் கிரணத்தோடு பிராணவாயுத் தாரையையும் செலுத்தி ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டியதிலிருந்து, ஒளியும் வாயுவும் வெட்டுத்தொழிலில் பிரியாத இணையாயின. மரத்திலும் அக்ரிலிக்கிலும் ஊதும் காற்று சுவாலையை அணைத்து, புகையை லென்ஸுக்கு எட்டாமல் விலக்குகிறது. அதனைப் போடாமல் வகுத்த பவரும் வேகமும், போட்டபின் ஒருபோதும் பொருந்தா.

இவ்வளவு காரணங்கள் ஒன்றையொன்று பாதிக்கும்போது பிறர் எண் நமக்கு எவ்வாறு பொருந்தும்? 3 மில்லிமீட்டர் பிளைவுட் என்ற ஒரே பெயரில் விற்கும் இரண்டு பலகைகளே, உள்ளிருக்கும் பசை வேறுபடுவதால், வெவ்வேறு விதமாக வெட்டுண்கின்றன. வார்ப்பு அக்ரிலிக் பொறித்தால் பனிபடர்ந்ததுபோல் வெளுக்கும். பிதுக்கிச் செய்த அக்ரிலிக் வெளுக்காமல் தெளிந்தே நிற்கும். ஆகவே புதுப் பலகை வந்தவுடன், அதன் ஓரத்துண்டு ஒன்றில், நெடுக வேகமும் குறுக்கே பவரும் படிப்படியாக மாறும் சிறு சதுரங்களின் கட்டம் ஒன்றைப் பொறித்துப் பார்ப்பதே நேர்வழி. பல மென்பொருள்கள் இக்கட்டத்தைத் தாமே வரைந்து தருகின்றன. வேண்டிய நிறமோ ஆழமோ எந்தச் சதுரத்தில் அமைந்ததோ அதன் எண்களை, பலகையின் பெயர், தடிமன், லென்ஸ், காற்று, தேதி ஆகியவற்றோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்க. துண்டையும் எறிந்துவிடாமல் ஆணியில் மாட்டிவைத்தால், வாடிக்கையாளருக்குக் காட்டி அவர் விருப்பத்தைக் கேட்பதற்கும் உதவும்.

எந்த அளவும் வகுக்கக்கூடாத பொருள் ஒன்றுண்டு, அது பி.வி.சி. கிரணம் பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிட்டு, சுவாசத்துக்குத் தீங்கு செய்வதோடு யந்திரத்தின் தண்டவாளங்களையும் கண்ணாடிகளையும் அரித்துவிடுகிறது. பழுக்கக் காய்ச்சிய செம்புக்கம்பியைத் தகட்டில் தொட்டு மீண்டும் சுவாலையில் காட்டும்போது பச்சை நிறம் எழுந்தால், தகட்டில் குளோரின் இருப்பதாகக் கொண்டு அதனை விலக்கிவிடலாம். இன்ன பொருள் என்று விற்பவரே சொல்லமுடியாத தகட்டை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், உங்கள் யந்திரத்துக்குள் வைக்காதீர்கள்.